கடைசி நிறுத்தத்தில் ஏழு நிமிடம்

முப்பத்தொரு வருஷம்
மிஷ்கோல்ட்ஸ் நகரத்து டிராம்
என் இடுப்புக்குக் கீழே ஓடியது.
நான் ஓடவில்லை.
ரயில் நிலையத்திலிருந்து இரும்பாலை வாசல்,
வாசலிலிருந்து மறுபடி ரயில் நிலையம்.
கடைசி நிறுத்தத்தில் ஏழு நிமிடம் தருவார்கள்:
கழிப்பறைக்கு மூன்று,
பன்றிக்கொழுப்பு தடவிய ரொட்டிக்கு நான்கு.
மேலே பச்சை வெங்காயம், ஒரு சிட்டிகை மிளகாய்த்தூள்.
மென்றதாக நினைவில்லை.

இரும்பாலை மூடிவிட்டார்கள்.
பசிக்கு யாரும் பூட்டுப் போடவில்லை.

அறுபத்தொன்பது வயதில் நூற்று ஏழு கிலோ.
சர்க்கரை, ரத்த அழுத்தம், ஈரல் வீக்கம்
மூன்றும் ஒரே டிக்கெட்டில் ஏறிக்கொண்டன.
இறங்கும் இடம் கேட்டால்
ஒன்றும் வாய் திறக்கவில்லை.

முதலில் எனக்கு நானே வைத்தியம் பார்த்தேன்.
காலையில் முட்டைக்கோஸ் சூப்,
இரவிலும் அதே சூப், தண்ணீர் கொஞ்சம் கூட.
வீடு நாறியது. பனியிலும் ஜன்னல் திறந்தே கிடந்தது.
நான்கு மாதத்தில் பதினான்கு கிலோ!
பழைய சீருடைப் பாவாடையின் கொக்கி
பன்னிரண்டு வருஷத்துக்குப் பிறகு மாட்டியது.
மாடிப்படியில் மக்டோல்னா என்னை நிறுத்தி,
யாரையாவது காதலிக்கிறாயா என்று கேட்டாள்.

அந்த வாரம்தான்
குளியல் தொட்டியிலிருந்து எழ முடியவில்லை.
தண்ணீர் ஆறிக்கொண்டே வந்தது.
கூப்பிட்டுப் பார்த்தேன், தொடையைக் காணோம்.
டெஷோ, அறுபது கிலோ மனிதர்,
துண்டைக் கயிறாக்கி இழுத்தார்.
இரண்டு பேரும் ஈரத்தில் விழுந்தோம், சிரித்தோம்.
முதலில் சிரிப்பை நிறுத்தியது அவர்.

உணவியல் பிரிவில் எமெஷெ என்றொரு பெண்,
நகத்தில் நீலச் சாயம்.
என் கையில் ஒரு கைப்பிடியைத் தந்து
அமுக்கச் சொன்னாள். முள் அசைந்த லட்சணத்தைப் பார்த்தாள்.
"போனது அத்தனையும் கொழுப்பு இல்லை, போர்பாலா.
இந்த வயதில் கொழுப்பு தனியாகப் போகாது,
தசையையும் கைபிடித்துக் கூட்டிப்போகும்.
திரும்பி வரும்போது மட்டும்
தனியாக வந்து நிற்கும்."

கூட்டம் அதிகம், பயணிகளை இறக்கு என்றார்கள்,
நான் மோட்டாரைக் கழற்றி இறக்கிவிட்டேன்,
அப்படித்தானே என்றேன்.
அவள் அதைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

ஆக, புதிய கால அட்டவணை.
காலையில் இரண்டு முட்டை.
மதியம் அவரையோ, கெண்டையோ, ஏதாவது ஒன்று
உள்ளங்கையை மூடும் அளவுக்கு.
ரொட்டி ஒரே துண்டு, கறுப்பு.
ஏழு மணிக்கு மேல் வண்டி இல்லை.
நடுவில், கையை ஊன்றாமல்
நாற்காலியிலிருந்து எழுந்து உட்கார்ந்து எழுந்து
பத்து முறை.
உட்காருவதற்குச் சம்பளம் வாங்கியவள் நான்,
எழுவதற்கு எழுபதில் பாடம்.
டெஷோ எண்ணுவார். ஆறுக்கு அடுத்து எட்டு என்பார்,
நான் ஏழுக்குத் திரும்புவேன்.
உடம்பில் குறைந்தாலும் உனக்குக் கொழுப்பு குறையவில்லை
என்று என் வாயைச் சொல்வார்.

எடை இறங்கியது மொத்தம் மூன்று கிலோ,
அதுவும் அரை ஆண்டில்.
மக்டோல்னா இப்போது ஒன்றும் கேட்பதில்லை.
ரத்தப் பரிசோதனைத் தாளை மடித்து
ரேடியோவுக்கு அடியில் வைத்திருக்கிறேன்.
சர்க்கரை ஒரு நிறுத்தம் முன்பே இறங்கிவிட்டதாம்.

கொழுப்புச் சட்டியை
அலமாரி உச்சியில் வைத்தது டெஷோ.
ஸ்டூல் போட்டு ஏறினால்தான் எட்டும்.
முதல் மாதம் ஸ்டூலைப் பார்த்தேன், அவ்வளவுதான்.
மூன்றாம் மாதம் ஒரு கால் வைத்தேன்.
இன்று அவர் தபால் நிலையம் போயிருக்கிறார்.
ஏறிவிட்டேன்.
எதையும் பிடிக்காமல், இரண்டு கால்களில்,
கூரை விளக்கின் தூசி தெரியும் உயரத்தில்.

கத்தி நுனியில் கொஞ்சம். ரொட்டி ஓரத்தில்.
எமெஷெயிடம் மறைக்கப்போவதில்லை.
ஜன்னலுக்கு வெளியே ஒன்றாம் எண் திரும்பியது,
இரண்டு நிமிடம் தாமதம்.
அது வளைவைத் தாண்டி மறையும்வரை
நான் மென்றுகொண்டிருந்தேன்.