பூச்சியமும் ஒரு வயது

ஒலுவில் காற்றுக்கு எங்கள் ஆய்வுகூடத்தின்
மூன்றாவது யன்னல் தானாகத் திறந்துகொள்ளும்.
கொக்கி சரியில்லை என்று முதலாம் வருடமே
எழுதிக் கொடுத்தாயிற்று.
நிலை: இன்னும் திறந்தே இருக்கிறது.

மூன்றாம் வருடம், இரண்டாம் அரையாண்டு,
மென்பொருள் தர உறுதிப்பாடு.
குழுவுக்கு ஐந்து பேர்.
நான்கு பேர் கட்டுவார்கள், ஒருத்தி உடைக்க வேண்டும்.
சீட்டுக் குலுக்கினோம், என் பெயர் வந்தது.
அன்றிலிருந்து அப்லால் என்னைக் கண்டால்
மடிகணினியைப் பாதி மூடுகிறான்.

நாங்கள் செய்வது கிளினிக் பதிவு.
கல்முனையில் சுபஹுக்கு முன்னே போய்
வரிசையில் நின்று துண்டு எடுக்கிறவர்கள்
இனி வீட்டிலிருந்தே நம்பர் எடுக்கலாம்.

வயதுக் கட்டத்துக்கு நூறு கொடுத்தேன். எடுத்தது.
நூற்றிருபது. எடுத்தது.
நூற்றிருபத்தொன்று. மறுத்தது, சரி.
கழித்தல் ஐந்து, வெறும் இடைவெளி, ஒரு காற்புள்ளி,
சிரிக்கிற ஒரு மஞ்சள் முகம்,
எல்லாவற்றையும் வாசலிலேயே நிறுத்தியது.
அப்லாலுக்கு ஒரு ரோல்ஸ் வாங்கிக் கொடுக்கலாம் போலிருந்தது.

மறுகா பூச்சியம் கொடுத்தேன்.
சிவப்பு எழுத்தில் வந்தது:
செல்லாத வயது.

எல்லைகளில்தான் வழு ஒளிந்திருக்கும் என்று
விரிவுரைக் குறிப்பில் இருக்கிறது.
கீழே கோடும் போட்டு வைத்திருக்கிறேன்.
ஆனால் அந்த நேரம் ஞாபகம் வந்தது குறிப்பில்லை,
ராத்தாவின் பிள்ளை.
பிறந்த மூன்றாம் நாள் மஞ்சள் பிடித்து
நீல வெளிச்சத்துக்குக் கீழே
கண்ணைக் கட்டிக்கொண்டு கிடந்தது.
ஏழாம் நாள்தான் பெயர் வைப்போம்.
காலில் ஒட்டிய பிளாஸ்டரில்
பேனையால் எழுதியிருந்தார்கள்: ஜெஸீலாவின் பிள்ளை.
வயது கேட்ட இடத்தில் மிஸ்ஸி யோசிக்கவேயில்லை,
மூன்று நாள் என்று எழுதிவிட்டு
அடுத்த கட்டிலுக்குப் போனா.
காகிதம் சிவக்கவில்லை.

வழு இலக்கம் பதினேழு. தீவிரம்: உயர்வு.
எதிர்பார்த்தது, கிடைத்தது, மீளச் செய்யும் படிகள்
எல்லாம் ஒழுங்காக எழுதினேன்.
பத்து நிமிடத்தில் அப்லால் மூடினான்:
‘பூச்சியம் ஒரு வயதில்லை.’
நான் திறந்தேன்.
பெயர் வைக்காத பிள்ளைக்கும் இடம் வேண்டும் என்று
பதினெட்டையும் கூடவே போட்டேன்.
மூடினான்: ‘ஆருக்கும் ஒரு பேர் இருக்கும்.’
திறந்தேன்.
வெள்ளி இரவு பதினொன்றரை வரைக்கும்
அந்த மூன்றாவது யன்னலாகவே இருந்தோம் இரண்டு பேரும்.

சாதாரண தரத்தில் மூன்று சொல் மனனம் செய்தோம்:
வழு, வழாநிலை, வழுவமைதி.
பிழைதான், ஆனாலும் போகட்டும் என்று
எல்லாரும் ஒத்துக்கொண்ட பிழை, மூன்றாவது.
தம்பிலுவில் யசோபிதா, குழுத் தலைவி,
அதைத்தான் வேறு சொல்லில் சொன்னாள்:
‘தெரிஞ்ச குறை எண்டு எழுதி விடுவம் கா.
திங்கக்கிழமை ஒருத்தரும் பூச்சியம் குடுக்கப் போறல்ல.’

உண்மைதான்.
இருபத்திரண்டு என்றோ நாற்பத்தாறு என்றோ
தங்கள் தங்கள் வயதைக் கொடுத்துப் பார்த்துவிட்டு
தலையாட்டுவார்கள், புள்ளி போடுவார்கள்.
நான் பதில் சொல்லவில்லை.
பதினேழையும் மூடவில்லை.

ஞாயிறு காலை, விடுதிக் கட்டிலில்
பிளேன்டீ ஆறிக்கொண்டிருக்க
அப்லாலிடமிருந்து ஒரு வரி: ‘இப்பப் பாரு.’
வயதுக் கட்டமே இல்லை.
அந்த இடத்தில் பிறந்த திகதி.
பெயருக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி,
‘இன்னும் பெயரிடவில்லை.’
சரி போட்டால் தாயின் பெயர் தானாக வந்து நிற்கிறது.

ராத்தா பிள்ளையின் திகதியைக் கொடுத்தேன்.
பச்சை எழுத்து. நம்பர் நான்கு.
இரண்டு தரம், மூன்று தரம் கொடுத்துப் பார்த்தேன்,
சோதனைக்கு அது தேவையேயில்லை.

பழக்கதோஷம்,
நாளைய திகதியையும் ஒருக்கால் கொடுத்தேன்.
பச்சை எழுத்து: பதிவு வெற்றி.
இன்னும் பிறக்காத ஓர் ஆள்
கல்முனையில் நாளை வரிசையில் ஐந்தாவது.

இலக்கம் பத்தொன்பது.
படிகளை எழுதி முடித்துவிட்டேன்.
தீவிரம் என்ற கட்டத்தில் மட்டும்
கொஞ்ச நேரம்
ஒன்றும் போடாமல் இருந்தேன்.