படம் மூன்று

அக்டோபரில் யூலிஷ் நகரம் முழுக்க
சர்க்கரை ஆலையில் பீட் வேகும் வாடை.
லுட்கர் எத்தனை முறை வடிகட்டி மாற்றினாலும்
அளவீட்டு அறைக்குள்ளும் வந்துவிடும்.

நுண்ணோக்கியின் கீழ்
எட்டுக் கம்பி குறுக்கே, எட்டு நெடுக்கே.
அவை சந்திக்கும் ஒவ்வோர் இடத்திலும்
ஐந்து நானோமீட்டர் ஹாஃப்னியம் ஆக்சைடு.
நினைவு அங்கேதான் குடியிருக்க வேண்டும்.

முதல் அழுத்தம் மட்டும்
கொஞ்சம் கூடுதலாகக் கொடுப்பேன்.
ஆக்சிஜன் சில இடம்பெயர்ந்து போகும்.
போனவை விட்டுச்சென்ற வெற்றிடங்கள்
ஒன்றன்கீழ் ஒன்றாக வரிசை கட்டும்.
அந்த இல்லாமையின் மேல் ஏறி
மின்சாரம் நடக்கும்.

திசை மாற்றிக் கொடுத்தால் பாதை அறும்,
முழுக்க அல்ல, ஒரு நுனி.
இருந்தால் ஒன்று, அறுந்தால் பூஜ்யம்.
திபிலிசியிலிருந்து வந்த ஈராக்லி சொல்வான்:
"சண்டை போட்ட தம்பதி மாதிரி.
பிரிந்த பிறகும் இருவர் பையிலும்
அதே வீட்டுச் சாவி."

கணினியில் நினைவு ஓரிடம், கணக்கு ஓரிடம்.
இடையில் ஓயாத போக்குவரத்து,
செலவெல்லாம் அதில்தான் போகிறது.
நானும் டியூரனிலிருந்து தினமும் ரயிலில் வருகிறேன்,
பையில் முந்தின நாள் குறிப்பேடு.
பல நாள் திறக்காமலே
திரும்பக் கொண்டு போகிறேன்.

எங்கள் வலையில் எண்கள் வீட்டை விட்டு நகர வேண்டாம்.
வரிசைகளில் அழுத்தம் தந்தால்
ஒவ்வொரு தடையும் தன் பங்கைப் பெருக்கும்.
கம்பி முடியும் இடத்தில்
மின்னோட்டங்கள் தாமே கூடிக்கொள்ளும்.
கணக்குப்பிள்ளை இல்லாத கணக்கு.

இவ்வளவும் முன்னுரையில் எழுதியாயிற்று.

படம் மூன்றில்தான் சிக்கல்.
அறுபத்து நான்கில் பதினொன்று
முதல் நாளே குறுக்குச்சுற்றாகிச் செத்தன.
ஒன்பது, எவ்வளவு தட்டியும் திறக்கவே இல்லை.
இருபத்தாறு
நேற்றுச் சொன்ன எண்ணை
இன்று கொஞ்சம் மாற்றிச் சொல்கின்றன,
கேட்டால் மறுபடி மாற்றுகின்றன.

ஐந்தாம் வரிசை, இரண்டாம் நிரல் மட்டும் அழகி.
பத்து லட்சம் முறை எழுதி அழித்தேன்,
முகம் கோணவில்லை.
வரைவில் அவள்தான் இருந்தாள்.
கீழே என் கையாலேயே எழுதியது:
"வழக்கமான ஒரு செல்லின் நடத்தை."

"எல்லாரும் செய்வதுதான் ஹென்ரிக்கே.
வழக்கமான என்றால் நம் துறையில்
இருப்பதில் சிறந்தது என்று பொருள்."
ஈராக்லி கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினான்.

அன்றிரவு ஏழு-மூன்றை ஓட்டினேன்.
நான்கு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் வரை
சொன்னபடி கேட்டது.
பிறகு, அழி என்றேன்.
அழியவில்லை.
அழுத்தத்தைக் கூட்டினேன். ஒன்று.
இன்னும் கூட்டினேன். ஒன்று.
பாதை தடித்துவிட்டது,
இனி இதற்கு மறக்கத் தெரியாது.

கட்டடக் கதவின் எண் மாறி மூன்று வருடம்.
என் விரல் இன்றைக்கும்
முதலில் பழையதைத்தான் அழுத்துகிறது.

இரண்டு மணிக்கு
அறுபத்து நான்கு வளைவுகளையும்
ஒன்றன்மேல் ஒன்றாகச் சாம்பலில் வரைந்தேன்.
நிலக்கரிச் சுரங்க மேட்டில்
மழை சாய்ந்து அடிப்பதுபோல் இருந்தது.
அழகியைத் தேடினேன், கிடைக்கவில்லை.
கீழே: "வேலை செய்தவை பதினேழு."
அனுப்பிவிட்டேன்.

தூங்கவில்லை போலும், உடனே பதில் வந்தது:
"அசிங்கமாக இருக்கிறது."
நான் கெட்டிலைப் போட்டேன்.
தண்ணீர் கொதிக்குமுன் இன்னொன்று:
"நிலை அச்சை மடக்கையில் போடு.
ஏழு-மூன்றைக் கறுப்பாக்கு, தெரியட்டும்."

ஒரு வாரம் மின்சாரமே காட்டாமல்
சில்லு டப்பாவில் கிடந்தது.
இடம் வேண்டும், எறியலாமா என்றார் லுட்கர்.
ஊசியை இறக்கி
ஒரே ஒரு முறை, மிகக் குறைந்த அழுத்தத்தில்,
படித்துப் பார்த்தேன்.

ஒன்று.