எண் பொருந்துகிறது

கோயம்புத்தூர்க்காரர் போனில் கேட்டது ஒன்றுதான்:
அசலா, அலங்காரமா?

பாம்பார்புரத்தில் மூன்றாம் நாளாக மழை.
என்னிடம் ஒரு டார்ச், தேய்ந்த பல்துலக்கி,
குவார்ட்டர் பாட்டிலில் மண்ணெண்ணெய், ஒரு காந்தம்.
தகரக் கொட்டகைக்குள் நாய் விடவில்லை.
"பிங்கி, அடங்கு" என்றார் எமரன்சியா.
சங்கிலி இழுத்த மட்டும் வந்து
காற்றைக் கடித்துவிட்டு உட்கார்ந்தது.

தார்ப்பாயை உருவினோம்.
டாட்ஜ் டார்ட். அறுபத்தெட்டாம் வருஷம்.
மிஷன் ஆஸ்பத்திரி டாக்டர் கப்பலில் கொண்டுவந்து
போகும்போது விற்றுப்போனது.
ஸ்டீயரிங் இடப்பக்கம்.
காட்ரோட்டு வளைவில் முந்துவதென்றால்
வலது சீட்டில் இருப்பவர் எட்டிப் பார்த்துச் சொல்லவேண்டும்.
"நான்தான் சொல்வேன். ரெண்டு தடவை தப்பாச் சொல்லியிருக்கேன்"
என்றார், பெருமையாகவே.

பானெட்டில் இரண்டு மூக்குத்துளை வரிசை.
ஒரு துளையிலும் காற்று போகாது, சும்மா தோற்றம்.
ஆலையே சொன்ன பொய் அது.
அந்தப் பொய் இருந்தால்தான் வண்டி மெய்.

பின்புறம் காந்தம் ஒட்டுகிறது, ஒட்டுகிறது,
ஓரிடத்தில் வழுக்குகிறது:
தகரமில்லை, பட்டி.
"பெருமாள்மலையில ஒரு பஸ்" என்றார்.
சரி, அது விபத்து. மோசடி இல்லை.

இனித் தகடு. கண்ணாடிக்கு அடியில்,
தூசிக்கு அடியில்.
எல், எஸ், இரண்டு, மூன்று. அப்புறம் பி.
இங்கேதான் அறிக்கையைத் தமிழில் எழுதுகிறவன்
மாட்டிக்கொள்கிறான்.
அந்த பி-யும் பி, இந்த பி-யும் பி.
இரண்டு வயிறுள்ள எழுத்து என்றால் ஆறு சிலிண்டர்,
பால் வாங்கப் போகிற வண்டி.
ஒற்றை வயிறு என்றால் எட்டு.
குறைந்த வயிறுதான் கூடுதலாகக் குடிக்கும்.
துடைத்தேன். எச்சில் தொட்டு இன்னொரு முறை துடைத்தேன்.
ஒற்றை வயிறு.

ரேடியேட்டர் சட்டத்தில் மண்ணெண்ணெய் விட்டுத் தேய்க்க
அதே எண்ணின் வால் எழும்பியது.
பின்சீட்டு ஸ்பிரிங்குக்குள் ஆலைத்தாளைத் தேடினேன்.
இருந்தது, எலிக்கூடாக.
நெட்டு கழற்றும்போது ஞாபகமாக
இடச்சக்கரத்தை வலப்பக்கம் திருகினேன்.
இந்த ஆலைக்கு இடப்பக்கம் எல்லாம் எதிர்மரை.
சங்கில் வலம்புரி அபூர்வம், இதில் இடம்புரி சாதாரணம்.
இது தெரியாமல் இருபது வயதில் திண்டுக்கல்லில்
மூன்று போல்ட்டை முறித்து
ஒரு மாதச் சம்பளத்தை முறித்துக்கொண்டேன்.

கடைசியாக பானெட்டைத் தூக்கினேன்.

மேட்டடார் டீசல்.
யானைக் கொட்டிலில் கழுதை,
அதுவும் குறுக்காக நின்ற மாதிரி.

"கேரட் ஏத்தினார்" என்றார்.
"பெட்ரோலுக்குக் கேரட் கட்டல.
வத்தலகுண்டுல மாத்திட்டு வந்தார்."
பழைய எஞ்சின்?
"அதையும் தூக்கிட்டுத்தான் வந்தார். காசு குடுத்த இரும்பாச்சே.
பிங்கி அதுலதானே கட்டியிருக்கு."

நாய் இருந்த இடத்துக்குப் போனேன்.
சங்கிலி சுற்றியிருந்தது கல் இல்லை.
ஒரு குழியில் பெரணி முளைத்திருந்தது.
மண்டியிட்டுப் பாசியைத் தேய்க்க
பிங்கி என் காதை நக்கிக்கொண்டிருந்தது,
கடிக்கலாமா என்று இன்னும் முடிவு செய்யாமல்.
மூன்று. நான்கு. பூஜ்யம்.
வார்ப்பிலேயே புடைத்த எழுத்து.
ஓரத்தில், நகம் வைத்துப் படிக்க வேண்டிய ஆழத்தில்,
தகட்டின் அதே வால்.

விலை மூன்று மடங்கு ஆகும் என்றேன்.
எமரன்சியா நாயைப் பார்த்தார், இரும்பைப் பார்த்தார்.
"காட்டெருமை வந்து இழுத்தப்பகூட இது அசையல.
இனிமே இவளை எதுல கட்டுறது?"

மழை வலுத்தது. படிவத்தை மடியில் வைத்து எழுதினேன்:
எண் பொருந்துகிறது.
எஞ்சின் வண்டிக்குப் பன்னிரண்டடி தெற்கே.
நிலை என்ற கட்டத்தில்
கொஞ்சம் யோசித்து,
பயன்பாட்டில்.