ஈரக் கழிவு

மழை இலைக்கு நூற்றுக்குப் பத்து கழிக்கச் சொல்லி
பாக்டரியில் எழுதி ஒட்டியிருக்கிறார்கள்.
கழிப்பது நான். வசவு வாங்குவதும் நானே.
கட்டபெட்டு இலை ஷெட்டில் மூன்று வருடமாக
மற்றவர் சுமையைப் பேரேட்டில் எழுதுகிறேன்.

போன மார்கழியில் பேனா பிடிக்க முடியவில்லை.
விரல்கள் மடங்கியபடியே விடியும்.
வெந்நீர்ச் சட்டியில் ஊறப்போட்டு
ஒவ்வொன்றாகக் கெஞ்சித் திறக்க வேண்டும்.
இருபத்து மூன்று வயதில்
தங்கைதான் எனக்குத் தலை பின்னினாள்.
ஜாக்கெட் கொக்கியையும் அவளே மாட்டினாள்,
வேறெங்கோ பார்த்துக்கொண்டு.

கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில்
முன்கையில் ஊசி குத்தி, பேனாவால் வட்டம் போட்டு
மூன்றாம் நாள் ஸ்கேல் வைத்து அளந்தார்கள்.
மூன்று மில்லிமீட்டர். எக்ஸ்ரேயும் சுத்தம்.
ஸ்டீராய்டு சாப்பிட்டால் தோல் பொய் சொல்லும் என்று
டாக்டர் ஹெப்சிபா இரண்டாம் முறையும் கேட்டார்:
"வீட்ல யாருக்காவது டிபி இருந்துச்சா நிரோஷா?"
"வீட்ல இல்ல மேடம்."

அது பொய்யில்லை.
லைன் வீட்டில் எங்களுடையது ஐந்தாவது கதவு.
ஆறாவது, ஞானப்பிரகாசம்.
நடுவில் ஒற்றைச் செங்கல். அதுவும் கூரை வரை போகாது.
ஒன்பதும் பத்தும் படித்த இரண்டு குளிர்காலமும்
அவர் இருமுவதை எண்ணித்தான் தூங்கினேன்,
பதினொன்று, பன்னிரண்டு, கொஞ்சம் இடைவெளி, பதின்மூன்று.
அவர் வீடு வேறு. ரேஷன் கார்டு வேறு.
காற்றுக்குக் கார்டு கிடையாது.

பங்குனியில் ஊசி வந்தது, ஒரு மஞ்சள் அட்டையோடு.
இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், காய்ச்சல், எடை குறைவு
என்றால் உடனே கூப்பிட ஒரு நம்பர்.
அட்டையைப் பேரேட்டுக்குள் செருகினேன்.
எங்களிடம் பிரிட்ஜ் இல்லை.
ஹனீபா பேக்கரியில், இந்தக் குளிருக்கு யாரும் வாங்காத
கலர் சோடாவுக்குப் பின்னால்
என் பெயர் எழுதிய டிபன் பாக்ஸில் இருக்கும்.
பதினைந்து நாளுக்கு ஒன்று.

மூன்றாவது ஊசியில் விரல் திறந்தது.
ஐந்தாவதில் என் தலையை நானே பின்னி
தங்கைக்கும் பின்னிவிட்டேன்,
இறுக்கி,
அவள் கத்தும்வரை.

ஆடியில் சாயங்காலக் காய்ச்சல்.
மலையில் ஆடிக்கு யார்தான் இருமவில்லை என்றேன்.
தலையணை நனைந்தது.
காயாத துணியில் படுத்தால் அப்படித்தான் என்றேன்.
எல்லோரும் போனபின் தராசில் ஏறினேன்.
நாற்பத்தாறு. ஸ்வெட்டருக்கு ஒன்று கழித்தேன்.
அடுத்த மாதம் நாற்பத்து மூன்றரை. கழிக்கவில்லை.
அப்புறம் நாற்பத்தொன்று,
செருப்போடு.

பனி இறங்கிய தேயிலைக்குள் காட்டெருமை
தூங்குவதுமில்லை, பாய்வதுமில்லை. நிற்கும்.
பழகியவர்கள் கல்லெறிய மாட்டார்கள்.
வந்த வழியே சத்தமில்லாமல் திரும்பி
பாரஸ்ட் ஆபீசுக்கு ஆள் அனுப்புவார்கள்.
எனக்கும் தெரியும். தெரிந்தும் நின்றேன்.
சொன்னால் ஊசியை நிறுத்துவார்கள்.
நிறுத்தினால் விரல் மூடும்.
இருமலைச் சால்வையில் பொத்திக்கொண்டு
மஞ்சள் அட்டையைப் பக்கம் பக்கமாகப் பின்னால் தள்ளி
எழுதிக்கொண்டே போனேன். அந்த மூன்று மாதம்போல்
என் கையெழுத்து ஒருநாளும் அழகாக இருந்ததில்லை.

நேற்று ராத்திரி தங்கை இருமினாள்.
மிளகாய் நெடி என்றாள்.
அடுப்பில் மிளகாய் வறுபட்டதும் நிஜம்தான்.
ஆனால் அதற்குள் நான் எண்ண ஆரம்பித்திருந்தேன்,
சுவருக்கு இந்தப் பக்கம்
படுத்துக்கொண்டு.

ஷெட்டுக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டி மேல்
ஏறி நின்றால்தான் டவர் கிடைக்கும்.
கட்டைவிரல் மடங்கியது, நிமிர்ந்தது,
வலிக்கவேயில்லை.
பத்து எண்களையும் அழுத்தினேன்.
"மேடம், கட்டபெட்டுலருந்து நிரோஷா.
அன்னைக்கு ரெண்டு தடவ கேட்டீங்களே..."