இருநூற்றுப் பன்னிரண்டு

ஓஸ்டெண்டில் நவம்பர்.
கடல் தெரியாத தெருவில் என் கடை.
ஆனாலும் கதவைத் திறப்பவர்களோடு
கொஞ்சம் கடலும் உள்ளே வந்துவிடும்.
புத்தகங்களின் ஓரம் நெளிந்திருப்பது அதனால்தான்.
தள்ளுபடி கேட்காதீர்கள்.

யாரும் பெயர் சொல்லிக் கேட்பதில்லை.
"நாய் சாகாத நாவல் ஏதாவது?"
"விவாகரத்து முடிந்து ஒரு வாரம்.
காதல் வேண்டாம். கொலை இருந்தால் நல்லது."
"ட்ராமில் படிக்க, மடியில் கனக்காமல்."
நான் முகத்தைப் பார்ப்பேன்,
பிறகு காலணியை.
காலணிக்குப் பொய் சொல்ல வராது.

சித்திர நாவல் அடுக்கின் முன்னால்
திருமதி ஃபெர்ஹாகே உதட்டைச் சுழித்தார்:
"சின்னப் பிள்ளைகளுக்குத்தானே இதெல்லாம்?"
ஒன்றைப் பிரித்து நீட்டினேன்.
ஒன்பது கட்டங்களில் ஒருவன்
இரண்டு தட்டுகளைக் கழுவுகிறான்.
பத்தாவதில் ஒரு தட்டை மட்டும்
எட்டாத உயரத்தில் வைக்கிறான்.
பேச்சுக்குமிழ் ஒன்றுகூடக் கிடையாது.
நின்றபடியே பார்த்துக்கொண்டிருந்தார்.
குடை என் தரையெல்லாம் சொட்டியது.
விலையைக் கேட்காமல் வாங்கிப் போனார்.

இதுவரை சொன்னது என் பெருமை.
இனி மற்றது.

அறுநூறு பக்க நாவல் ஒன்றைப்
பதினோரு வருடமாகச் சிபாரிசு செய்கிறேன்.
அடியில் என் கையெழுத்தில் ஓர் அட்டை:
பொறுமையாகப் போங்கள். பலன் உண்டு.
நாற்பத்து மூன்று பிரதிகள் விற்றாயிற்று.

சனிக்கிழமை லீவன் வந்தார்,
துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர்,
கையுறையைக்கூடக் கழற்றவில்லை.
"கடைசியில் அவள் படகைத் திருப்பினாளே,
அது சரியா? நீங்கள் சொல்லுங்கள்.
மூன்று இரவாகத் தூக்கமில்லை."

எந்தப் படகு?
நான் படித்தவரை அந்தக் கதையில்
தண்ணீரே இல்லை, மழையைத் தவிர.

"அது அவரவர் பார்வை" என்று பூசி மெழுகினேன்.
அவர் என் முகத்தைப் பார்த்தார்.
பிறகு என் காலணியை.

"எந்தப் பக்கத்தில் நிறுத்தினீர்கள்?"

இருநூற்றுப் பன்னிரண்டு.
கென்ட் மருத்துவமனையிலிருந்து
தம்பியைப் பற்றித் தொலைபேசி வந்த இரவு.
பக்கத்தை மடித்துவிட்டு எழுந்தேன்.
மடிப்பு இன்னும் அப்படியே இருக்கிறது.
இதையெல்லாம் அவரிடம் சொல்லவில்லை,
எண்ணை மட்டும் சொன்னேன்.

முடிவைச் சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன்.
அவரோ பென்சில் கேட்டார்.
ஒரு கையுறையை மட்டும் உருவிவிட்டு
என் அட்டையின் கீழே
கோணல்மாணலாக எழுதினார்:
இன்னும் நாலு பக்கம். மழை விடும்.

காசு வாங்க மறந்துவிட்டேன் அவரிடம்,
அடுத்த புத்தகத்துக்கு.

இன்று புதிதாக ஒருத்தி,
உப்புக் காற்றில் சிக்கேறிய தலை,
அட்டையை இரண்டு முறை படித்தாள்.
இரண்டு கையெழுத்து எதற்கு என்று கேட்கவில்லை.
"நீங்கள் முழுதாகப் படித்தீர்களா?" என்றாள்.

"இருநூற்றுப் பதினாறு" என்றேன்.