குறுக்குத்தடம்

சேலத்திலிருந்து மேலேறக் கொண்டை ஊசி வளைவு இருபது.
முகப்பிலிருந்து சாதிச் சான்றிதழுக்கு ஏழுதான்;
ஆனால் ஒவ்வொன்றிலும் சிக்னல் நின்று மூச்சு வாங்கும்.
மலைக்காரர் யார் வளைவில் நடக்கிறார்கள்?
காப்பிச் செடிக்குள் புகுந்து குறுக்கே ஏறிவிடுவார்கள்.

மழைக்கு ஆள் வராத மத்தியானம்
இ-சேவை மையத்துத் திரையில்
மேல்பட்டையைக் கலைத்து அடுக்கினேன்.
அரசாங்கத்தின் நீளப் பெயர்களை அழித்து
சாதி. வருமானம். சிட்டா.
கரண்ட் பில்லுக்கு வெறும் 'க'.
எனக்கென்று ஒன்று: மிளகு விலை.

'இறப்பு' முதலில் இருந்தது.
யார் வைத்தது? நான்தான், கொரோனா வருஷம்.
இழுத்துக்கொண்டுபோய்க்
கடைசியில் விட்டேன், மிளகுக்கும் அப்பால்.

நாலு மணிக்குக் கொளகூர் பொன்னுருவி வந்தாள்,
தலையில் கொங்காணிச் சாக்கு.
பாலித்தீன் உறையிலிருந்து ஆதார் இரண்டு.
எதற்கு என்று கேட்கவில்லை நான்.
ஆண்படம் போட்டதை மேலே வைத்திருந்தாள்.

விரல் பழைய இடத்துக்கே போய், திரும்பி,
கடைசிக்கு ஓடுகிற அவசரத்தில்
ஒன்று முன்னாலேயே அழுத்திவிட்டது.
கிலோ எழுநூற்றுப் பத்து.

மூடுவதற்குள் பார்த்துவிட்டாள்.
"ஏறிடுச்சா?
ஏறட்டும் ஏறட்டும்னு
மூணு மூட்டை கட்டி வெச்சிருந்தாரு."