கட்டைவிரல் வேடம்

கதாநாயகிக்கு நகம் நீளமாம்.
திரையைத் தொட்டால் கோழி கொத்துகிற சத்தமாம்.
படப்பிடிப்பின் மூன்றாம் நாள்
கொழிஞ்சாம்பாறைக் கடைவீதியில்
ஒரு ஜோடிக் கட்டைவிரல் தேடி அலைந்தார்கள்.

உரக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தேன்.
துணை இயக்குநர் பினோஜ் சொன்னார்,
'இந்தக் குட்டி நோக்காம அடிக்குது.'
அவர் தமிழும் எங்கள் மலையாளமும்
பாதி வழியில் நின்று பேசிக்கொள்ளும்.

இரண்டு நாளுக்கு மூவாயிரம். மதியம் பொரித்த மத்தி.
முகம் வராது என்றார்கள்.
வரவேண்டாம் என்றேன்.
அவளுடைய வளையலை எனக்குப் போட்டு
என் மச்சத்தை மாவு பூசி மறைத்தார்கள்.

என்ன கதை?
தனியாக இருக்கிற பெண். ராத்திரி முழுக்க போனுக்குள்ளேயே வளர்கிறாள்.
பரம்பிக்குளத்தில் ஏதோ அபூர்வ மிருகத்தைக்
கண்டுவிட்டு வந்தவர் மாதிரி
கிசுகிசுப்பாகச் சொன்னார்.

திரை வெறும் பச்சை.
எழுத்தையெல்லாம் பிறகு கொச்சியில் ஒட்டுவார்களாம்.
என்ன அடிக்கட்டும்?
'என்ன வேணாலும். ஓடணும், நிக்கணும்,
அழிக்கணும், திரும்ப ஓடணும்.
விரல்ல சங்கடம் தெரியணும்.'

விரலில் எப்படித் தெரியும் என்று
நான் கேட்கவில்லை.

எனக்குப் பதிமூன்று நடந்தபோது
அம்மாவுக்குப் பொள்ளாச்சி நார் மில்லில் இரவு ஷிப்ட்.
அப்பா லாரியோடு நாசிக்கிலோ எங்கோ.
குளியலறைச் சுவரோரம் கேரளத்தின் டவர்,
வாசற்படிக்கு வந்தால் தமிழ்நாடு.
ஒரே ராத்திரியில் நாலு தடவை
இரண்டு மாநிலங்களும்
'அன்புடன் வரவேற்கிறோம்' என்று அனுப்பும்.
வேறு யாரும் எதுவும் அனுப்பியதில்லை,

அவள் வரும்வரை.
லூடோ விளையாட்டில் என் மஞ்சள் காயை வெட்டியவள்.
ஈரச்செங்கல் என்று பெயர் வைத்திருந்தாள். ஊர் சொல்லமாட்டாள்.
ஒன்பதரைக்கு 'சாப்டியா?'
மழை வந்தால் ஜன்னலுக்கு வெளியே போனை நீட்டிப்
பதிவுசெய்து அனுப்புவாள். இங்கே வெயில் காயும்,
நான் போர்வைக்குள் அவள் ஊர் மழையைக் கேட்பேன்.
பதினாலு மாதம்.
பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை
அவள் படம் இருந்த வட்டத்தில் சாம்பல் நிறத்தில் ஓர் ஆள்.
போனைப் பிடுங்கினார்களா, கட்டிக்கொடுத்தார்களா,
என்னைத்தான் பிடிக்காமல் போனதா.
செத்துப்போனாளா என்பதை
இந்த வரியில்தான் முதல்முறை எழுதுகிறேன்.

பச்சைத் திரையில் எழுத்துப்பலகைகூட இல்லை.
விரலுக்கு இடம் தெரிந்தது.
ப்ளஸ் டூ பாஸ், உரக்கடையில் வேலை,
பல்லுக்குக் கம்பி போட்டு கழற்றியாச்சு,
லூடோவை அழித்துவிட்டேன், திரும்ப ஏற்றினேன்,
உன் மழை அந்தப் பழைய போனில் இருந்தது,
அப்பா அதை எக்ஸ்சேஞ்சில் போட்டுவிட்டார்.
அடித்தேன். அழித்தேன். அடித்தேன்.
பதினோராவது டேக்கில்
இயக்குநர் கட் சொல்ல மறந்துபோனார்.

படம் பாலக்காட்டில் நாலு நாள் ஓடியது.
அம்மாவோடு போனேன்.
என் விரலுக்கு மேலே
'நீ எவிடெயா?' என்று ஒட்டியிருந்தார்கள்.
மூன்று புள்ளிகள் துள்ளின.
எண்ணினேன், நாலு விநாடி. பதில் வந்துவிட்டது.
பக்கத்து இருக்கைக்காரர் மூச்சுவிட்டு
பாப்கார்னுக்குத் திரும்பினார்.

'அந்தப் பொண்ணு நல்லா அழுதா' என்றாள் அம்மா, பஸ்ஸில்.
கொஞ்சதூரம் போனதும்,
'நகத்தைக் கடிக்காம இருந்திருக்கலாம் நீ.'

இன்னும் கொஞ்சதூரம் போய்,
'நெசமா என்னடி அடிச்சே?'

'யூரியா ரெண்டு மூட்டை, பொட்டாஷ் ஒண்ணு.'

மணி ஒன்பதரை தாண்டியிருந்தது.
ஊர் நெருங்கியதும் போன் அதிர்ந்தது,
தமிழ்நாடு அன்புடன் வரவேற்றது.
'சாப்டேன்' என்று பதில் போட்டேன்.
போகவில்லை. சிவப்பில் ஓர் ஆச்சரியக்குறி.

அம்மா தூங்கிவிட்டாள், தலை என் தோளில் இடித்து இடித்து.
மில் வேன் வர
இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.